துரைக்குச் சிக்கெடுத்த நாள்

மூன்று வாரமாக இந்தத் தொடரில் அந்தப் பூனையைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே, அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. எழுதுகிற நானே மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மணி, அதே வீட்டில் அதே கூரைக்குக் கீழே இருந்த டெய்லரக்காவும் அல்லவா மறந்துவிட்டாள். என் மறதிக்கு நீங்கள் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு மேலே படிப்பீர்கள். அவள் மறதி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்த வாரத்துச் சங்கதி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெய்லரக்காவுக்கு ஒரே தம்பி. அவன் டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து நாத்தனாரும் தம்பி மனைவியும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். மூன்று வருஷம் பேச்சில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் தம்பியும் டீச்சரும் போன மோட்டார் சைக்கிள் ஒரு வளைவில் சறுக்கியது. தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். டீச்சர் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கேதான் இரண்டு பெண்களும் மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து அழுதார்கள்.

டெய்லரக்கா அழும்போதும் திட்டிக்கொண்டேதான் அழுவாள். "ஒழுங்கா வண்டி ஓட்டத் தெரியாத பய. உன்னையும் இப்படிப் படுக்க வச்சுட்டுப் போயிட்டான் பாரு" என்று செத்த தம்பியைத் திட்டினாள். டீச்சர் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"துரையைப் பார்த்துக்குங்க அண்ணி. தினமும் சீவணும். ஒரு நாள்கூட விடக்கூடாது."

துரை என்பது தம்பி வளர்த்த பெர்ஷியன் பூனை. சாம்பல் நிறம். சாத்துகிற கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது போலத் தட்டையான முகம். அந்த முகத்தில் இரண்டு பெரிய செம்பு நிறக் கண். அதிலிருந்து எந்நேரமும் நீர் வடியும், துடைத்துவிட ஆள் வேண்டும். உடம்பு முழுக்க ஒரு சாண் நீளத்துக்கு ரோமம். தாவாது, ஓடாது, எலியைப் பார்த்தால் இது என்ன ஜந்து என்று யோசிக்கும். கூப்பிட்டால் உடனே வருகிற வழக்கம் கிடையாது. குரல் என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. அதனால்தான் துரை.

இன்றைக்கு டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அவளை அழைத்துவர டெய்லரக்காவின் கணவர் தன் வேனை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிட்டார். நாலு மணிக்கு வீடு வந்துவிடுவதாகப் பேச்சு.

காலை ஒன்பதுக்குள் டெய்லரக்கா எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். முன்னறையில் துணி வெட்டும் மேஜையைச் சுவரோரம் தள்ளிக் கட்டில் போட்டாயிற்று. தலையணைக்குப் புது உறை தைத்தாயிற்று. குளியலறையில் பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பியும் அடித்தாயிற்று. இடுப்பில் கை வைத்து நின்று, இன்னும் என்ன பாக்கி என்று யோசித்தவளுக்கு அப்போதுதான் துரை ஞாபகம் வந்தது.

மேஜைக்கு அடியில், வெட்டுத் துணிக் குவியலின் மேல் துரை படுத்திருந்தது.

"வாடா துரை. உங்க டீச்சரம்மா வர்றாங்க. கொஞ்சம் தலைவாரிக்கலாம் வா."

அது நகரவில்லை. அவளே குனிந்து தூக்கினாள். போன மாதத்தைவிட லேசாக இருந்தது. எஃகுச் சீப்பை முதுகில் வைத்து இழுத்தாள், நன்றாகத்தான் போயிற்று. மேலாகப் பார்த்தால் பட்டு. வயிற்றுப் பக்கம் வைத்தாள். சீப்பின் பல் அரை விரல் ஆழம்கூட இறங்கவில்லை.

விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். முன்னங்காலின் அக்குளில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. தொடைக்குள் இன்னொன்று. காதுக்குப் பின்னால் இரண்டு. வயிறு முழுக்க ரோமம் ஒன்றோடொன்று பின்னி ஒரே பாயாகிக் கிடந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவளை நீங்கள் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். முதல் பத்து நாள் அவள் சீவினாள். சீப்பை எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், துரை எங்கிருந்தாலும் எழுந்து வரும். ஆனால் அவளிடம் வராது. வாசலைப் பார்த்து உட்காரும். சீவுகிற ஆள் இன்னும் வரவில்லையே என்று பார்க்கும். அவள் சீவச் சீவ அது வாசலைப் பார்க்க, அவளும் சேர்ந்து வாசலைப் பார்க்க, பதினோராம் நாள் அவளால் முடியவில்லை. சீப்பை அலமாரிக்குள் போட்டு மூடினாள்.

பள்ளிச் சீருடை இருநூறு தைக்க வேண்டியிருந்தது. தலைக்கு மேல் வேலை, அதனால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். டீச்சர் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி நர்ஸின் ஃபோனை வாங்கிக் கேட்பாள்.

"துரையைச் சீவினீங்களா அண்ணி?"

"சீவியாச்சும்மா. பளபளன்னு இருக்கான்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டது பூனை இல்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது, நாலு மணிக்குள் சரிசெய்துவிடலாம் என்று அவள் முதலில் செய்த காரியம், வெந்நீர் விளாவி ஒரு வாளியில் துரையை இறக்கியது. ஊறினால் சிக்கு நெகிழும் என்று கணக்கு. கம்பளித் துணி தண்ணீரில் சுருங்கி இறுகும் என்று வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் பாடம் எடுக்கிறவள் அவள். அந்த நேரத்தில் அது புத்தியில் ஏறவில்லை. துடைத்து எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு சிக்கும் கல்லாக இறுகியிருந்தது. துரை ஈரத்தில் நடுங்கியது. அப்போதும் சத்தமில்லை.

பத்தரை மணி. டெய்லரக்கா கத்தரியை எடுத்தாள்.

முப்பது வருஷம் பழகிய கத்தரி. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் நூல் பிசகாது. துணியை இடது கையால் தூக்கிப் பிடி, கத்தரியை அடியில் விடு, தயங்காமல் ஒரே இழுப்பில் வெட்டு. தயங்கினால் ஓரம் பிசிறடிக்கும். அவளுடைய கை கற்றிருந்தது இவ்வளவுதான், கை அதையே செய்தது. அக்குளிலிருந்த சிக்கை இடது கையால் தூக்கிப் பிடித்தாள். அடியில் கத்தரியை விட்டாள். வெட்டினாள்.

சிக்கு கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் ரோமத்தோடு சேர்ந்து வேறு ஏதோ இருந்தது. பூனையின் அக்குளில் நாலு விரல் அகலத்துக்குத் தோல் திறந்து, உள்ளே ரோஜா நிறத்தில் சதை தெரிந்தது. ரத்தம்கூட அதிகம் வரவில்லை. துரை கத்தவில்லை, கடிக்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவுதான்.

கத்தியது டெய்லரக்காதான்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் அவள் என்ன செய்தாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை, நான் சொல்கிறேன். ஊசியை எடுத்தாள். மெல்லிய நூலைக் கோத்தாள். வெந்நீரில் ஊசியை முக்கி எடுத்து, பூனையை மடியில் கிடத்தி, கிழிசலின் ஓரத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்தாள். துணிக் கிழிசல் என்றால் எட்டுத் தையலில் முடிகிற வேலை. ஊசி முனை தோலைத் தொட்டதும் அந்தச் சின்ன உடம்பு முழுக்க ஒரு தடவை சிலிர்த்தது.

"கடவுளே, நான் என்ன பண்ணிட்டிருக்கேன்" என்று சொல்லி ஊசியைக் கீழே போட்டாள். துரையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டாமல், காலில் செருப்பில்லாமல் மூன்று தெரு ஓடினாள்.

விலங்கு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர். மேஜை மேல் துண்டை விரித்து, வயிற்று ரோமத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா சீவல?"

வழக்கமான பொய் டெய்லரக்காவின் நாக்கு நுனி வரை வந்து நின்றது. "ஒரு மாசம்" என்றாள்.

"சிக்கைத் தூக்கிப் பிடிச்சு வெட்டினீங்களா?"

"ஆமா."

"பூனைத் தோல் உடம்போட இறுக்கமா ஒட்டியிருக்காதும்மா. சிக்கைத் தூக்கினா தோலும் கூடவே மேல வந்துடும். மேல முடிதான் தெரியும், உள்ள தோல் இருக்கறது தெரியாது." டாக்டர் காயத்தின் ஓரத்தைப் பார்த்தாள். "இவ்வளவு நேரா வெட்டி நான் பார்த்ததே இல்ல. நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"தையல்."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு தையல் போட்டு விட்டுடலாம் இல்ல டாக்டர்?"

"தையல் பெரிசில்லம்மா. இங்க பாருங்க." மற்ற சிக்குகளை விலக்கிக் காட்டினாள். அடியில் தோல் சிவந்து, ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. "சிக்கு இழுத்து இழுத்து எல்லா இடத்துலயும் புண்ணு. நடக்கும்போதெல்லாம் வலிச்சிருக்கும். சாப்பிட்டானா?"

"மூணு நாளா இல்ல. தம்பி நினைப்புல இருக்கான்னு நினைச்சேன்."

"பூனை மூணு நாள் பட்டினி கிடக்கவே கூடாது, ஈரல் கெட்டுப்போகும். இப்ப மயக்கம் குடுத்து, மொத்த முடியையும் எடுத்து, காயத்தைத் தைக்கணும். ஆனா இந்த மாதிரி சப்பை மூக்குப் பூனைக்கு மூச்சுப் போற வழியே குறுகல். மயக்கத்துலேருந்து எழுந்திருக்காமலே போயிடலாம். மயக்கம் குடுக்காம விட்டா புண்ணு உள்ளுக்குள்ள அழுகும். அதனால வளர்க்கறவங்க சம்மதம் வேணும். பூனை யாருது?"

"என் தம்பியோடது."

"அவரைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா வரமாட்டான் டாக்டர்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "அப்ப வேற யாரு முடிவு சொல்லணும்?"

முடிவு சொல்ல வேண்டியவள் டீச்சர்தான். டீச்சரின் ஃபோன் விபத்தில் நொறுங்கிப் போனது. கணவருக்குத்தான் பண்ண வேண்டும். வெளியே வந்து, சுவரோடு ஒட்டி நின்று அழைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"என்னங்க, டீச்சர்கிட்ட எதுவும் காட்டிக்காதீங்க. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. துரையை வெட்டிட்டேங்க. சிக்கை வெட்டறேன்னு தோலை வெட்டிட்டேன். நான் சீவவே இல்லங்க. ஒரு மாசமா சீவவே இல்ல. தினமும் அவகிட்டப் பொய் சொன்னேன். அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான், அதையும் கொன்னுட்டேன் போலிருக்கு. டாக்டர் சம்மதம் கேக்கறாங்க. மயக்கம் குடுத்தா செத்துடலாம்ங்கறாங்க. டீச்சரை ஏதாவது சொல்லி முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்."

அந்தப் பக்கம் வண்டி ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஏங்க, கேக்குதா?"

கணவர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், இருபது வருஷத்தில் ஒரு விபத்துக் கிடையாது. ஓட்டும்போது ஃபோனைக் காதில் வைக்கவே மாட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். இது டெய்லரக்காவுக்குத் தெரியாததல்ல.

"அண்ணி" என்றது டீச்சரின் குரல். "ஃபோனை டாக்டர்கிட்டக் குடுங்க."

டெய்லரக்கா உள்ளே போய்க் கொடுத்தாள். டாக்டர், "சொல்லுங்கம்மா" என்றாள். பிறகு, "ஆமா, ஆபத்துதான்" என்றாள். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, செய்யறேன்" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். டெய்லரக்கா காதில் வைத்தபோது இணைப்பு இல்லை.

வாசலில் ஒரு நீளப் பெஞ்சு. அதில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ஒரு நாய் ஊசி போட்டுக்கொண்டு போயிற்று. ஒரு கிளியை யாரோ கூண்டோடு கொண்டுவந்தார்கள். அவள் துண்டில் ஒட்டியிருந்த சாம்பல் ரோமத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டரைக்கு டாக்டர் வந்தாள். "முடி எடுத்தாச்சு. தையலும் போட்டாச்சு. ஆனா இந்நேரம் முழிச்சிருக்கணும், இன்னும் முழிக்கல. எட்டிப் பாக்கறீங்களா?"

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மேஜையில் ஏதோ ஒன்று கிடந்தது. தலை மட்டும் துரையுடையது. கழுத்துக்குக் கீழே மொழுமொழுவென்று, விலா எலும்பு தெரிய, ஒரு கைப்பிடி உடம்பு. அத்தனை ரோமத்துக்குள்ளும் இவ்வளவுதான் இருந்திருக்கிறது. இந்த எலும்பை அவள் ஒரு மாதமாகத் தொட்டுப் பார்க்கவில்லை.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வழக்கம்போலத் திட்டவும் செய்தாள். "படுபாவி. நிதானமா ஓட்டியிருந்தா இன்னிக்கு நீயே சீவியிருப்பியேடா."

மூன்றே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. வீட்டுக்குப் போகவில்லை, நேரே இங்கே வந்திருந்தார்கள். கணவர் டீச்சரைத் தாங்கிப் பிடித்து இறக்கி, பெஞ்சின் மறுகோடியில் உட்கார வைத்தார். மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "வண்டியை ஓரமா விட்டுட்டு வரேன்" என்று போனார். வண்டியை ஓரம் கட்ட அரை மணி நேரம் ஆகும் போலிருந்தது அவர் போன வேகம்.

இரண்டு பெண்களும் தனியாக இருந்தார்கள்.

"முழிச்சானா?"

"இன்னும் இல்ல."

"தினமும் கேட்டேன் அண்ணி."

"கேட்ட."

"தினமும் சீவியாச்சுன்னீங்க."

"ஆமா. பொய்தான் சொன்னேன்." டெய்லரக்கா தரையைப் பார்த்துப் பேசினாள். "சீப்பை எடுத்தா அவன் வாசலைப் பார்க்கறாம்மா. என்னால தாங்க முடியல. அதுக்காக அவனை இப்படி விட்டிருக்கக் கூடாது. நீ திட்டு. என்ன வேணாலும் சொல்லு. ஆனா பேசாம மட்டும் இருந்துடாத. மறுபடியும் மூணு வருஷம் என்னால முடியாது."

டீச்சர் திட்டவில்லை. ஒரு கையால் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வர்ற வழியெல்லாம் உங்களைத் திட்டணும்னுதான் வார்த்தை தேடிட்டு வந்தேன் அண்ணி. ஒண்ணும் வரல. நீங்க அண்ணன்கிட்ட சொன்னீங்க இல்ல, அவன் விட்டுட்டுப் போனதையும் கொன்னுட்டேன்னு. அதைக் கேட்டதுக்கப்புறம் எனக்குத் திட்ட வாயில்ல."

"நீ என்ன பண்ணின? நீ பாவம், படுத்த படுக்கையா கிடந்த."

"அப்படிச் சொல்லாதீங்க." டீச்சரின் குரல் உடைந்தது. "ஆறு வாரமா எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க. ஆஸ்பத்திரியில நீங்க அவரைத் திட்டித் திட்டி அழுதீங்க. வண்டி ஓட்டத் தெரியாத பயன்னு. நான் கேட்டுட்டுப் படுத்திருந்தேன். இன்னிக்குச் சொல்லலேன்னா இனிமே சொல்லவே மாட்டேன்."

டெய்லரக்கா தலையை நிமிர்த்தினாள்.

"அன்னிக்கு வண்டியை அவர் ஓட்டல அண்ணி. நான் ஓட்டினேன். ரோடு காலியா இருக்கு, ஒரு தடவை குடுங்கன்னு நான்தான் கேட்டேன். அவர் சிரிச்சுட்டே சாவியைக் குடுத்துட்டுப் பின்னாடி உக்காந்தார். வளைவுல எனக்குத் திருப்பத் தெரியல."

தெருவில் ஏதோ ஒரு வண்டி போயிற்று. டெய்லரக்கா மடியிலிருந்த துண்டைச் சுருட்டிப் பிடித்தாள். ஆறு வாரமாகத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடும்போது, படுக்கும்போது, சற்று முன்பு இதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுகூட அவனைத் திட்டியிருக்கிறாள். ஒரு திட்டுக்கும் அவன் பொறுப்பில்லை.

கதவு திறந்தது. டாக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"கண்ணைத் திறந்துட்டான். ஆனா பயந்துபோய் மூச்சு வாங்கறான், எனக்கு அது பிடிக்கல. தெரிஞ்ச குரல் பக்கத்துல இருந்தா அடங்குவான். யாராவது வாங்க, சீக்கிரம்."

டீச்சர் எழப் பார்த்தாள். மாவுக்கட்டின் கனம் அவளைத் திரும்ப உட்கார வைத்தது. இன்னொரு தடவை முயன்றாள், முடியவில்லை. அவளைத் தூக்கிவிட அங்கே வேறு யாருமில்லை. கண்ணீர் வழிய, பெஞ்சின் மறுகோடியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அண்ணி, என்னைத் தூக்கிவிடுங்க."

டெய்லரக்கா அந்தக் கையைப் பார்த்தாள். அன்றைக்கு வண்டியைப் பிடித்திருந்த கை. உள்ளே டாக்டர் இன்னொரு தடவை கூப்பிட்டாள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், மடியிலிருந்த தன் கையை இன்னும் எடுக்கவில்லை.